பழைய மினி டிராக்டர் எஞ்சினுக்குச் செலவு செய்யலாமா, விட்டுவிடலாமா? பிரிப்பதற்கு முன் ஒரு கணக்கு

போன வாரம் காடாம்புலியூரிலிருந்து என் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, வண்டி ரொம்பப் புகை தள்ளுது. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா குபுகுபுன்னு வருது. மெக்கானிக் பார்த்துட்டு முழு எஞ்சின் வேலைன்னு எண்பதாயிரம் சொல்றாரு. செஞ்சிடலாமா, வித்துட்டு வேற பாக்கலாமா?"

இதே கேள்வியை இந்த ஒரு வருஷத்துக்குள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரியும் பலாவும் வைத்திருப்பவர்கள், பாகூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள். எல்லோரிடமும் இருப்பது 15-லிருந்து 22 எச்.பி. வரையிலான சின்ன டிராக்டர்தான். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரையேறி, எங்கள் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. விழுந்ததை அகற்றிவிட்டு ஒட்டுக்கன்று நட்டபோது, வரிசைக்கு நடுவில் ஓட்டுவதற்கு இந்தச் சின்ன வண்டிகளைப் பலர் வாங்கினார்கள். அவற்றுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது.

என் வண்டி அதற்கும் முந்தையது. 2009 மாடல், 18 எச்.பி., மூன்று சிலிண்டர். அதற்கு இரண்டு முறை எஞ்சின் வேலை செய்திருக்கிறேன். முதல் முறை எடுத்த முடிவு தப்பு, இரண்டாவது சரி. இரண்டுக்கும் இடையில் போன பணமும் ஒரு உழவுப் பட்டமும் வேறு யாருக்கும் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள்? பெரும்பாலானவர்கள் இதை யோசிப்பதே இல்லை. வண்டியில் மணிக்கணக்கு மீட்டர் ஓடினால் பாருங்கள். இல்லையென்றால் டீசல் வாங்கிய கணக்கிலிருந்து எடுக்கலாம். 18 எச்.பி. வண்டி ரோட்டவேட்டரோடு (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) ஓடும்போது மணிக்குச் சுமார் 2 லிட்டர் குடிக்கும். வருஷத்துக்கு 200 லிட்டர் ஊற்றினால் 100 மணி நேரம்.

அதை ரூபாயாக மாற்றுவோம். எங்கள் பக்கம் ரோட்டவேட்டரோடு சின்ன டிராக்டருக்கு மணிக்கு 1,000 ரூபாய் வாடகை கேட்கிறார்கள். சொந்த வண்டியை நாமே ஓட்டினால் டீசல், ஆயில், கிரீஸ், டயர் தேய்மானம் எல்லாம் சேர்த்து 300 ரூபாய் ஆகும். மணிக்கு 700 ரூபாய் மிச்சம். எஞ்சின் வேலைக்கு ஆகும் மொத்தச் செலவை 700-ஆல் வகுத்தால், எத்தனை மணி நேரம் ஓட்டினால் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும். 80,000 செலவு என்றால் சுமார் 115 மணி நேரம். வருஷத்துக்கு 100 மணி ஓட்டுபவருக்கு ஒன்றேகால் வருஷத்துக்குள் திரும்பிவிடும். 25 மணி மட்டும் ஓட்டுபவருக்கு நாலரை வருஷம்.

இரண்டாவது, எஞ்சினைத் தவிர மற்ற உடம்பு எப்படி இருக்கிறது? கியர் நாலாவதில் நிற்காமல் துள்ளி வெளியே வருகிறதா, ஹைட்ராலிக் கலப்பையைத் தூக்கிவிட்டு மெல்ல இறக்கிவிடுகிறதா, முன் ஆக்சில் பின் ஆடுகிறதா, பின் டயர் மொட்டையா? எஞ்சினுக்கு 80,000 போட்ட பிறகு கியர்பாக்ஸுக்கு 40,000 கேட்டால் கணக்கே மாறிவிடும். ஆகவே எஞ்சினை இறக்கச் சொல்லும் முன் ஒரு நாள் முழுக்க வண்டியை ஓட்டிப் பார்த்து, வேறு என்னென்ன கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது தோப்புக்காரர்களுக்கு மட்டும் உரியது. கிளைக்குக் கீழே எது நுழையும்? ஒட்டு முந்திரி 7 மீட்டருக்கு 7 மீட்டர் நட்டிருந்தாலும் கிளை இடுப்பு உயரத்திலேயே பரவி வந்துவிடும். அடர் நடவாக 5-க்கு 4 மீட்டர் வைத்தவர்களுக்கு இன்னும் நெருக்கம். பலாவில் காய் அடிமரத்திலேயே தொங்கும். 45 எச்.பி. வண்டி உள்ளே போனால் சைலன்சர் கிளையில் இடிக்கும், பின் டயர் பிஞ்சுப் பலாவை உரசிவிட்டுப் போகும். சந்தையில் உங்கள் பழைய வண்டிக்கு ஒரு லட்சம்தான் விலை என்றாலும், உங்கள் தோப்புக்குள் அதன் மதிப்பு அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். திறந்த வயல் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. அதனால்தான் அவருக்குச் சரியான பதில் உங்களுக்குச் சரியாக இருக்காது.

நாலாவது, எதனால் தேய்ந்தது? இதற்குத் தனியாகவே சொல்ல வேண்டும்.

எதனால் தேய்ந்தது என்று தெரியாமல் கை வைக்க வேண்டாம்

எங்கள் செம்மண் புழுதி மாவு மாதிரி. மாசியில் காய்ந்த சருகோடு ரோட்டவேட்டர் ஓட்டினால் வண்டியே தெரியாத அளவுக்குப் புழுதி கிளம்பும். அந்தப் புழுதி ஏர் கிளீனரைத் தாண்டி ஒரு சிட்டிகை உள்ளே போனாலும், ஆயிலோடு கலந்து வால்வு தேய்க்கும் பசை மாதிரி சிலிண்டரைத் தேய்க்க ஆரம்பித்துவிடும். என் வண்டிக்கு நடந்தது அதுதான். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளிப் போடும் இடத்துக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஹோஸைக் கழற்றி உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்தபோது சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் முறை எஞ்சின் வேலை செய்தபோது இதை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. புது ரிங்குகளும் (பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையங்கள்) அதே புழுதியைத்தான் தின்றன.

இரண்டாவது காரணம் சூடு. ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றுவது எங்கள் ஊர் வழக்கம். உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து குழாய் அடைக்கும். வெளியே ரேடியேட்டர் ஜல்லடையில் சருகும் பஞ்சும் அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட் வளையும், ரிங் இறுகும்.

மூன்றாவது ஆயில். நேரத்துக்கு மாற்றாதது, கிடைத்த ஆயிலை ஊற்றியது, லெவல் குறைந்தது தெரியாமல் ஓட்டியது. இதில் அடிபடுவது கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுற்ற வைக்கும் தண்டு) அதைத் தாங்கும் பேரிங்கும்.

காரணம் புழுதி என்றால் தேய்மானம் சிலிண்டரிலும் ரிங்கிலும் இருக்கும், கிராங்க் பெரும்பாலும் தப்பித்திருக்கும். காரணம் ஆயில் என்றால் கிராங்க் போயிருக்கலாம், செலவு கூடும். காரணம் சூடு என்றால் ஹெட்டையும் பிளாக்கையும் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடம்பு) வெடிப்பு இருக்கிறதா என்று சோதிக்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

பிரிக்கும் முன் தோப்பிலேயே பார்க்க வேண்டியவை

புகை வந்தாலே எஞ்சின் போச்சு என்று அர்த்தமில்லை. கரும்புகை என்றால் முதலில் ஏர் கிளீனரையும் டீசலைப் பீச்சும் நாசிலையும் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் வெண்புகை, சூடானதும் நின்றுவிடுகிறது என்றால் குளோ பிளக், பேட்டரி, நாசில் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சூடான பிறகும் நீலம் கலந்த புகை, பத்து மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது என்றால், அது சிலிண்டருக்குள் ஆயில் எரிவது. ஆயில் மூடியைத் திறந்ததும் எஞ்சின் அடிக்கு அடி காற்று தள்ளினால் அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள்.

ஆயில் லெவல் தானாகவே ஏறினால் டீசல் அல்லது தண்ணீர் கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் காபி நிறத்தில் நுரை தெரிந்தால் தண்ணீர். ஹெட் கேஸ்கட்டை (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) மாற்றுவதோடு வேலை முடிந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

அப்புறம் கம்ப்ரஷன் கேஜ், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி. நாசிலைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கேஜைப் பொருத்தி எஞ்சினைச் சுற்றவிட்டுப் பார்ப்பது. நல்ல சின்ன டீசல் எஞ்சினில் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோவை ஒட்டி நிற்கும். சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி குறைந்திருக்கிறதா, ஒன்று மட்டும் குறைந்திருக்கிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் குறைந்து, அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுச் சுற்றும்போது ஏறினால் ரிங் பக்கம் கோளாறு. ஏறவில்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். ஆயிலை அதற்கு மேல் விடக் கூடாது. பிஸ்டனுக்கு மேல் இடம் ரொம்பக் குறைவு, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கான்ராடே வளைந்துவிடும்.

கடைசியாக ஆயிலை வடித்து ஒரு வெள்ளை வேட்டித் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். கருப்பு மட்டும் என்றால் பயமில்லை. துணியில் வெள்ளியும் செம்பும் மினுமினுத்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு மணி நேரம்கூட ஓட்ட வேண்டாம்.

இதற்கெல்லாம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆகும். எண்பதாயிரம் பேசுவதற்கு முன் இதைச் செய்யத் தயங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

முதல் வழி: ரிங் மட்டும் மாற்றி, ஹெட் வேலை

செலவு குறைவு, 25,000-லிருந்து 30,000. நாலைந்து நாளில் முடியும். நான் முதலில் செய்தது இதைத்தான். "போர் நல்லா இருக்கு, ரிங் போட்டா போதும்" என்று சிலிண்டரின் உள்சுவரை மெக்கானிக் கண்ணால் பார்த்தே சொன்னார், அளக்கவில்லை. நாலே மாதத்தில் பழைய புகை திரும்ப வந்தது.

ரிங் மட்டும் போதுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஹெட்டைக் கழற்றிய பிறகு சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகத்தை வைத்து மேல்நோக்கி இழுங்கள். நகம் ஒரு படியில் தட்டி நின்றால், ரிங் ஏறி இறங்கும் இடம் தேய்ந்து மேலே தேயாத வளையம் நிற்கிறது என்று பொருள். அளவு வேண்டுமென்றால், பிஸ்டனிலிருந்து கழற்றிய ஒரு பழைய ரிங்கை அந்தப் படிக்குக் கீழே சிலிண்டருக்குள் நேராக உட்கார வைத்து, அதன் இரண்டு முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். அப்புறம் அதே ரிங்கை அடிப்பக்கத்துக்குத் தள்ளி மறுபடி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் மேலும் கீழும் விட்டத்தில் எவ்வளவு தேய்மானம் என்பது கிடைக்கும். மேலே 0.60, கீழே 0.45 என்றால் 0.05 மி.மீ. வித்தியாசம், ரிங்கோடு போகலாம். 0.1 மி.மீ. தாண்டிவிட்டால் ரிங்குக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பது என் அனுபவம்.

ஆக, இந்த வழி யாருக்கு? கோளாறு வால்வில் இருப்பவருக்கு, ஹெட் கேஸ்கட் போனவருக்கு, ரொம்ப நாள் நிறுத்தி வைத்து ரிங் ஒட்டிக்கொண்ட வண்டிக்கு. ஒரு பட்டம் ஓட்டிவிட்டு விற்கப் போகிறேன், வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லித்தான் விற்பேன் என்பவருக்கும் இது போதும்.

இரண்டாம் வழி: முழு எஞ்சின் வேலை

போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், ஹெட்டில் வால்வு, கைடு, சீட், எல்லா கேஸ்கட்டும் ஆயில் சீலும். இதைச் சரியாகச் செய்தால் அடுத்த பத்து வருஷத்துக்கு எஞ்சினைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். சரியாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நல்ல மெக்கானிக் கிடைப்பதைவிட நல்ல லேத் பட்டறை கிடைப்பது கடினம். போர் டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்து தாளில் எழுதிக் கொடுக்கும் பட்டறைக்குப் போங்கள். நான் பிளாக்கைப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கம் எடுத்துப் போனேன். லாரி எஞ்சின் வேலை நிறைய நடக்கும் இடம் என்பதால் போர், ஹோனிங், கிராங்க் மூன்றும் அங்கேயே முடிந்தது. எடுத்துப்போன மினி லோடு வண்டி வாடகை கூடுதல் செலவுதான், ஆனாலும் பரவாயில்லை.

வரிசை முக்கியம். முதலில் அளவு, அப்புறம் பிஸ்டனும் பேரிங்கும் கைக்கு வர வேண்டும், அதன் பிறகுதான் போரும் கிரைண்டிங்கும். பழைய மாடலுக்கு 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும், 0.25 கிடைக்காது என்பது மாதிரி நடக்கும். கிராங்க்கை 10 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேய்த்துவிட்டு அந்த அளவில் பேரிங் இல்லை என்று தெரிந்தால் இன்னொரு முறை 20-க்குத் தேய்க்க வேண்டியதாகிவிடும், கிராங்க்கின் ஆயுளில் ஒரு பகுதி காரணமே இல்லாமல் போய்விடும். பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் போர் போட வேண்டும், அதைப் பட்டறையில் கேட்டு வாங்குங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவு. எனக்கு முதலில் சொன்ன தொகை 57,000. அதில் பிஸ்டன் செட், பேரிங், கேஸ்கட், லேத் வேலை, ஹெட் வேலை, கூலி எல்லாம் அடக்கம். முடிவில் கொடுத்தது 81,500. இடையில் வந்தது பாருங்கள்: வண்டியை நடுவில் பிரித்த பிறகு கிளட்ச் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் மாற்றாமல் மூட முடியாது, 7,000. டீசல் பம்ப்பும் நாசிலும் சர்வீஸ் செய்யாமல் புது எஞ்சினில் பொருத்தினால் ஒழுகும் நாசில் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், அதற்கு 9,500. ரேடியேட்டர் சுத்தம், ஹோஸ், வாட்டர் பம்ப் 5,500. ஆயில், ஃபில்டர், கூலன்ட் 2,500. இவை எதுவும் ஏமாற்று இல்லை, எல்லாம் வேண்டிய வேலைதான். முதலிலேயே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே மெக்கானிக் சொல்லும் தொகைக்கு மேல் கிட்டத்தட்டப் பாதி கையில் இருந்தால் மட்டுமே ஆரம்பியுங்கள். பாதியில் பணமில்லாமல் சாக்கு போர்த்தி நிறுத்திய பிளாக் இரண்டு மழைக்குள் துரு ஏறிவிடும்.

உதிரிபாகத்தில் லோக்கல் செட் பாதி விலைக்குக் கிடைக்கும். கேஸ்கட்டில் சமாளிக்கலாம். பிஸ்டன், ரிங், பேரிங் மூன்றிலும் சமாளிக்கக் கூடாது.

வேலை முடிந்த பிறகு முதல் 50 மணி நேரம் கனமான வேலை வேண்டாம். அதற்காக வெறுமனே ஐடிலில் விட்டு ஓட்டுவதும் தப்பு, ரிங் உட்கார மிதமான சுமை தேவை. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டி, 50 மணியில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிட வேண்டும். அதனால் பட்டத்துக்கு முந்தைய நாள் வண்டியை வாங்கி வந்து நேராக ரோட்டவேட்டரில் பூட்டுவதாக இருந்தால் இந்த வருஷம் வேண்டாம். பங்குனி, சித்திரையில் முந்திரி பொறுக்கும் காலத்தில் தோப்பில் உழவு கிடையாது. எஞ்சினை இறக்க அதைவிட நல்ல நேரம் எங்கள் பக்கம் இல்லை.

யாருக்கு இது? வருஷத்துக்கு 60, 70 மணிக்கு மேல் ஓட்டுபவர், கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் நல்ல நிலையில் உள்ள வண்டி, கிராங்க் இன்னும் தேய்க்க இடமுள்ளது, தோப்புக்குள் வேறு வண்டி நுழையாது. இவை சேர்ந்திருந்தால் தயங்க வேண்டாம். பிளாக்கில் வெடிப்பு, கிராங்க்கில் வெடிப்பு என்றால் இந்த வழி அங்கேயே முடிந்தது.

மூன்றாம் வழி: பழைய எஞ்சினை மாற்றிப் போடுவது

விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து எடுத்த எஞ்சின் என்று 40,000-க்கும் 50,000-க்கும் சொல்வார்கள். மூன்று நாளில் வண்டி ஓடும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, ஓட வைத்துக் காட்டாத எஞ்சினை வாங்கவே கூடாது. ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் எண் இருக்கிறது. மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், வாங்கிய பில்லும் அந்த எஞ்சினின் பழைய வண்டிக் காகிதமும் வேண்டும். அதைச் செய்யாவிட்டால் இன்சூரன்ஸும் பின்னால் விற்பதும் சிக்கல். உங்கள் பிளாக் வெடித்து, மற்ற உடம்பு கல் மாதிரி இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

நாலாம் வழி: வேறு வண்டி வாங்குவது

பழைய சின்ன டிராக்டர் ஒன்றேகால் லட்சத்திலிருந்து கிடைக்கிறது. ஒருவர் விற்பதற்குக் காரணம் இருக்கும், அது நீங்கள் தப்பிக்க நினைக்கும் அதே காரணமாகவும் இருக்கலாம். பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் சைலன்சரில் கை வையுங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. புதுச்சேரிப் பதிவு வண்டியைக் கடலூர்க்காரர் வாங்கினால் என்ஓசி, மறுபதிவு, வரி என்று அலைச்சல் உண்டு. பேரம் பேசும்போதே அது யார் கணக்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

புது வண்டிக்கு இப்போது முன்னைவிடக் கொஞ்சம் சாதகம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. சின்ன வண்டியில் மஹிந்திரா யுவராஜ் 215 மாதிரி 15 எச்.பி., ஒரே சிலிண்டர் வண்டியும் இருக்கிறது. குபோட்டா நியோஸ்டார் பி2441 மாதிரி 24 எச்.பி., நாலு சக்கர இழுவை வண்டியும் இருக்கிறது. விலை மூன்று லட்சத்துக்கு மேல் தொடங்கும். வேளாண் பொறியியல் துறை மூலம் கிடைக்கும் மானியத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி விவசாயிகளுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்பது பொது விதி, உச்சவரம்புக்கு உட்பட்டது. முதலில் விண்ணப்பம், ஒப்புதல், அப்புறம்தான் வண்டி. வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது.

இதிலும் மறைந்த செலவு உண்டு. கடன் வட்டி, இன்சூரன்ஸ். பழைய ரோட்டவேட்டர் புது வண்டிக்கு ஒத்துவருமா என்பதையும் பாருங்கள். வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: ஷோரூமுக்குப் போய் வண்டியின் உயரத்தையும் பின் டயர் வெளி அகலத்தையும் டேப்பில் அளந்து வந்து, அதே அளவுக்கு இரண்டு மூங்கில் கழியை வெட்டிப் பிடித்துக்கொண்டு உங்கள் வரிசைக்குள் நடந்து பாருங்கள். சைலன்சர் எந்தக் கிளையில் இடிக்கும் என்பது அப்போது தெரியும்.

வருஷத்துக்கு 150 மணிக்கு மேல் ஓட்டுபவருக்கும், அக்கம்பக்கத்துத் தோப்புக்கு வாடகைக்கு ஓட்ட ஆள் வைத்திருப்பவருக்கும், பழைய வண்டியில் எஞ்சினோடு கியர்பாக்ஸும் போனவருக்கும் இது சரி.

ஐந்தாம் வழி: விற்றுவிட்டு வாடகைக்குப் பிடிப்பது

இதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. வீட்டு வாசலில் வண்டி நிற்பது ஒரு தைரியம் என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்து வருஷத்துக்கு 20, 25 மணி மட்டும் ஓட்டுபவருக்கு இதுதான் லாபம். உழவன் செயலி வழியாக வேளாண் பொறியியல் துறை வண்டியை முன்பதிவு செய்யலாம், தனியாரைவிடக் குறைவு.

இதில் மறைந்திருக்கும் செலவு நேரம். மணல் கலந்த செம்மண்ணில் மழை விட்டால் நாலு நாளில் ஈரம் போய்விடும். அந்த நாலு நாளும் ஊரில் எல்லோருக்கும் வண்டி வேண்டும். உங்கள் முறை ஆறாவது நாள் வந்தால் பாதி பலன்தான். வருவது பெரிய வண்டி என்றால் ஓட்டுநரோடு கூடவே நடந்து கிளையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். பவர் டில்லர் வாடகைக்குக் கிடைத்தால் நெருக்கமான தோப்புக்கு அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரே பார்வையில்

| வழி | கையிலிருந்து போவது | சொல்லாமல் வருவது | பொருந்துவது |
|---|---|---|---|
| ரிங், ஹெட் வேலை | 25,000–30,000 | போர் தேய்ந்திருந்தால் திரும்பவும் முழுச் செலவு | தேய்மானம் 0.1 மி.மீ.க்குள், வால்வு அல்லது கேஸ்கட் கோளாறு |
| முழு எஞ்சின் வேலை | 57,000–80,000 | கிளட்ச், பம்ப், ரேடியேட்டர்: கூடக் கிட்டத்தட்டப் பாதி | 60 மணிக்கு மேல், கியர்பாக்ஸ் நல்லது, நெருக்கமான தோப்பு |
| எஞ்சின் மாற்று | 40,000–50,000 | ஆர்சி மாற்றம், உள்ளே தெரியாதது | பிளாக் வெடித்த வண்டி |
| பழைய வேறு வண்டி | ஒன்றேகால் லட்சத்திலிருந்து | பதிவு மாற்றம், டயர், தெரியாத எஞ்சின் | நன்கு தெரிந்தவரிடம் கிடைத்தால் மட்டும் |
| புது வண்டி | மூன்று லட்சத்துக்கு மேல் | வட்டி, இன்சூரன்ஸ், கருவி பொருந்தாமை | 150 மணிக்கு மேல் |
| வாடகை | மணிக்கு 1,000 | ஈரம் போகும் நாட்கள், கிளை முறிவு | 25 மணிக்குள் |

தொகையெல்லாம் நானும் தெரிந்தவர்களும் கொடுத்தது, கேட்டறிந்தது. உங்கள் வண்டி மாடலைப் பொறுத்து மாறும். 25-க்கும் 60 மணிக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையில் குழப்பம். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: உங்கள் வரிசைக்குள் வாடகை வண்டி நுழையுமா? நுழையும் என்றால் விற்கலாம். நுழையாது என்றால் எஞ்சினைச் செய்யுங்கள், செய்துவிட்டுப் பக்கத்துத் தோப்புக்கும் இருபது மணி ஓட்டிக் கொடுங்கள்.

சித்தப்பா மகன் விஷயம்

அவன் வருஷத்துக்கு 90 மணி ஓட்டுகிறான். கியர்பாக்ஸ் சத்தமில்லை, ஹைட்ராலிக் தூக்கியது தூக்கியபடி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே போய் ஹெட்டைக் கழற்ற வைத்துக் கூட நின்றேன். நகம் மூன்று சிலிண்டரிலும் தட்டியது. ரிங்கைப் போட்டு அளந்ததில் நடு சிலிண்டரில் மேலே 0.85, கீழே 0.35. வகுத்தால் 0.16 மி.மீ. ரிங் போட்டு ஒப்பேற்றும் வழி அங்கேயே அடைபட்டது. சம்ப்பைக் கழற்றி ஒரு பேரிங் மூடியைத் திறந்து கிராங்க்கில் விரல் நகத்தை ஓட்டினேன், ஒரு கோடும் தட்டவில்லை. அவன் மனைவி ஏர் கிளீனர் ஹோஸைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்து, "இங்க பாருங்க மாமா" என்றாள். அதே இடம், கிளிப்புக்கு அடியில், அதே மாதிரி வெடிப்பு.

எண்பதாயிரத்தோடு இன்னும் முப்பத்தைந்தாயிரம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் என்று கணக்குப் போட்டோம். 700-ஆல் வகுத்தால் 164 மணி, இரண்டு வருஷத்துக்குள். பிஸ்டன் செட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. அது கைக்கு வந்ததும் பிளாக்கை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போகிறோம். ஹோஸ் மட்டும் அன்று சாயங்காலமே பண்ருட்டியில் புதிதாக வாங்கிவிட்டான், 340 ரூபாய்.